கொச்சி வாத்தியாரின் குரலை மூன்று இடத்தில் அளந்தது

என் படியில் அளந்தது குறைந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. கள்ளக்குறிச்சிச் சந்தையில் முப்பது வருடம் வறுத்த மல்லாட்டை அளந்து போட்டவள் நான். வெளியூர்க்காரர்கள் அதை நிலக்கடலை என்பார்கள். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்துபோனது. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது, ஆகட்டும். எழுத்து தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அளவு தெரிந்தவர்கள் அத்தனை பேர் இல்லை. அதனால்தான் கொச்சியில் இருக்கும் ஒரு வாத்தியாருடைய குரலை அளந்து சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் மின்சார லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை கம்பத்தின் மேலேயே இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கீழே இருக்கப் பிடிக்கவில்லை. பரீட்சை எழுதி, லைசென்சு வாங்கி, வயர்லெஸ் ரேடியோ ஒன்றை வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் கம்பி கட்டி, ஊர் ஊராகப் பேச ஆரம்பித்தார். பேசினார் என்றால், தன் பேருக்குப் பதிலாக ஏதோ எழுத்தும் நம்பரும் சொல்வார். அந்தப் பக்கத்திலிருந்தும் எழுத்தும் நம்பரும் வரும். கேக்குதா என்று இங்கிலீஷில் கேட்பார். கேக்குது என்று இங்கிலீஷில் வரும். இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்காது.

தினமும் காலை பத்து மணிக்கு வருபவர் அந்தக் கொச்சி வாத்தியார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். அவரிடம் போன் இருக்கிறது, இவரிடமும் இருக்கிறது. போனிலேயே பேசிவிட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். "போன்ல எவன் வேணா பேசுவான்மே" என்றார். நான் அந்த ரேடியோவில் பேச வேண்டுமென்றால் முடியாது. லைசென்சு இல்லாதவர்கள் கேட்கலாம், பேசக்கூடாது என்பது சட்டம். எங்கள் வீட்டில் அதுவரை நடந்துவந்தது நேர்மாறு.

ஆண்டெனா என்று அவர் சொல்வது வேறொன்றும் இல்லை, கம்பிதான். மோட்டார் ரிப்பேர் கடையில் எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பி. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி போகும். இரண்டு முனையிலும் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு கட்டி, அதில் நைலான் கயிறு போட்டு இழுத்திருப்பார். அவர் ஒரு கைக்கு முப்பத்து மூன்று அடி கணக்குப் போட்டு, இழுத்துக் கட்ட இருக்கட்டும் என்று முப்பத்து நாலு வெட்டி வைத்திருந்தார். முப்பத்து நாலு ஆகாது. வீடு கட்டும்போதே கொத்தனார் சொல்லியிருக்கிறார், மனையடியில் முப்பத்து மூன்று குடி உயரும், முப்பத்து நாலு வீட்டை விட்டு ஓட்டும் என்று. இவர் மத்தியானம் கண் அயர்ந்தபோது நானே இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி வெட்டிவிட்டேன். எழுந்து வந்து கத்தினார். கத்திக்கொண்டே ஏதோ மீட்டரை மாட்டிப் பார்த்தார், பார்த்ததும் கத்துவதை நிறுத்தினார். கம்பி அந்த அளவில்தான் சரியாக நின்றதாம். கொச்சி வாத்தியாரிடம், ஒரே வெட்டில் சரியாக வெட்டினேன் என்று அவர் பெருமை அடித்துக்கொண்டது எனக்குப் பல நாள் கழித்துத் தெரிந்தது.

ஆனால் அந்த ஒரு அடியை வெட்டியும் வீட்டை விட்டுப் போகும் பேச்சு வந்துவிட்டது.

டவுனில் இரைச்சல் ஜாஸ்தி என்றார். கொச்சி வாத்தியார் பேசுவது கொதிக்கிற எண்ணெய்க்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும், அது உண்மை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், இவர் வேலையில் இருந்தபோது பழகிய ஒருவர் இருக்கிறார். அவருடைய ஓட்டு வீடு ஒன்று சும்மா கிடக்கிறது. மலை உசரம், இரைச்சல் கம்மி, அங்கே போய்விடலாம், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார்.

இந்த வீடு என்ன வீடு என்று சொல்லிவிடுகிறேன். இதன் அஸ்திவாரத்திலிருந்து தளம் வரைக்கும் மல்லாட்டை. அடுப்படிக்கு எத்தனை சன்னல் என்று கொத்தனாரிடம் நின்று சண்டை போட்டவள் நான். இவர் அப்போது கம்பத்தின் மேல் இருந்தார். எழுபது வயதுக்கு மேல், ஒரு மனுஷருடைய குரல் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக இதை விட்டுவிட்டு நான் மலையேற வேண்டுமாம்.

ரிஷிவந்தியம் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் என் கொழுந்தனார் அன்றைக்கு வந்திருந்தார். அவரை வைத்துப் பஞ்சாயத்து ஆனது. இவர் சொன்னார், மூன்று இடத்தில் ஒரே மாதிரி கம்பி கட்டுவோம்: இந்த மாடியில் ஒன்று, தம்பி நிலத்தில் ஒன்று, மலையில் ஒன்று. ஒரே ரேடியோ, ஒரே பைக் பேட்டரி, ஒரே கொச்சி வாத்தியார். எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கேதான் இருப்பது. யார் காதால் கேட்பது என்ற கேள்வி வந்தது. இவர் காது மலைக்குச் சாதகம். கொழுந்தனாருக்கு ஒரு காது மந்தம்.

"அவளக் கேட்டா டவுனத்தான் சொல்லுவா" என்றார் இவர், நான் அங்கே இல்லாதது போல.

"நான் அளந்து எவனுக்காச்சும் கொறஞ்சிருக்குதா? சந்தையில போய்க் கேட்டுக்கினு வாங்க" என்றேன்.

அவ்வளவுதான். நானே என் வாயால் நீதிபதி ஆகிவிட்டேன். பொய் சொன்னால் என் படி போச்சு, மெய் சொன்னால் என் வீடு போச்சு.

ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போடு என்றார். ஐந்தில் நாலு என்றால் அந்த நாலு எது என்று கேட்டேன். பரண் மேலிருந்து என் படியை இறக்கினேன். குரல் துளி வந்தால் ஆழாக்கு. அதற்கு மேல் உழக்கு, பிறகு அரைப்படி, பிறகு முழுப்படி. முழுப்படியிலும் தலை தட்டினது உண்டு, கும்பமாக வழிய விட்டதும் உண்டு. ஆழாக்கு என்றால் தமிழ்நாட்டில் எவனுக்கும் தெரியும். அவர் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் தன்னுடைய நம்பரைப் போட்டுக்கொண்டார்.

அளக்கிற விதம் இது. படியை மடியில் வைத்துக்கொள்வேன். காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவேன். இரைச்சலை உமி என்று நினைத்து ஊதிவிடுவேன். மிச்சம் விழுவது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று விரலால் படியின் உள்பக்கம் தடவிப் பார்ப்பேன். இங்கிலீஷ் தெரியாதது இதற்கு ரொம்ப வசதி. அர்த்தம் தெரிந்தவன் பாதி கேட்டாலே மீதியைத் தானாக நிரப்பிக்கொள்வான். எனக்கு விழுந்தது மட்டும்தான் விழும்.

முதல் நாள் டவுன். எங்கள் மாடி. விரல் அடி மட்டத்திலேயே நின்றது. "ஆழாக்கு" என்றேன். என் வீட்டுக்கு ஆழாக்கு. எங்கள் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க.

இரண்டாம் நாள் ரிஷிவந்தியம். ஒரு பனைக்கும் ஒரு தென்னைக்கும் நடுவில் கம்பி. அரைப்படி வந்தது. கொழுந்தனார் அதை என் எதிரிலேயே மனதில் வைத்துக்கொண்டார். அவருக்கு ரேடியோ தெரியாது, நிலம்தான் தெரியும். மூன்று போகம் விளைகிற மண்ணுக்கு அரைப்படியா என்று கேட்டார். மண்ணை அளக்கவில்லை என்று சொன்னேன். பின்னே எதை அளந்தே, இங்க நின்னுக்கினு தானே அளந்தே என்றார். கம்பியைத் தென்னையிலிருந்து அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டி இன்னொரு தரம் அளக்க வேண்டும் என்று பிடிவாதம். கட்டினார்கள். அதற்குள் கொச்சி வாத்தியார் சாப்பிடப் போய்விட்டார்.

மூன்றாவது மலை. முதல் பஸ்ஸில் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடியில், சாராயம் காய்ச்ச வெல்லம் கொண்டு போகிறார்களா என்று பையெல்லாம் பார்ப்பார்கள். எங்கள் பையில் ஒரு சுருள் செப்புக் கம்பி, ஒரு பேட்டரி, ஒரு படி. கம்பி காட்டுப்பன்றிக்கு மின்வேலி போடவா என்று கேட்டார் காவலர். இவர் லைசென்சைக் காட்டி விளக்கினார். அதை ஒப்புக்கொண்டவர், படியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதற்கு என்றார். எங்கள் வீட்டுக்காரர் நேர்மையான ஆள். "கொச்சியில ஒருத்தரு பேசுவாருங்க. அத அளக்கறதுக்கு" என்றார். காவலர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். பஸ்ஸை அனுப்பிவிட்டார்.

மலைக்காரர் வீட்டுப் பலாமரம் நல்ல உசரம். கயிற்றில் கல்லைக் கட்டி மேல் கிளைக்கு அந்தப் பக்கம் வீச வேண்டும். இவர் எட்டரையிலிருந்து வீசினார். ஒன்று கல் போனால் கயிறு போகவில்லை, அல்லது கல் ஓட்டின் மேல் விழுந்தது. இரண்டு ஓடு உடைந்தன. இவர் குடியேற ஆசைப்பட்ட வீட்டின் ஓடு. மலைக்காரர் உள்ளே போய், தினைக்கதிரில் குருவி விரட்டுகிற கவணை எடுத்துவந்து, ஒரே சுழற்றில் போட்டுவிட்டார். அப்போது மணி பத்தாகக் கொஞ்சம் இருந்தது.

காதில் மாட்டினேன். கொச்சி வாத்தியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் எச்சில் விழுங்கியது கேட்டது. அவர் ஊரில் ஒரு காக்கா கத்தியது கேட்டது. யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள், அது பித்தளை டம்ளர். விரல் படியின் விளிம்பைத் தாண்டிவிட்டது.

ஒரு நிமிஷம் கண்ணைத் திறக்காமல் இருந்தேன். அரைப்படி என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது. என் அடுப்படி சன்னல் இரண்டும் கண்ணுக்குள் வந்தன. ஆனால் படி மடியில் கனத்தது. அதை வைத்துக்கொண்டு குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கும்பம்" என்றேன். "வழியுது."

இறங்கும்போது பஸ்ஸில் நான் படியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் சந்தோஷத்தில் நோட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன். சொன்ன சொல் சொன்னதுதான். இரண்டு சாக்கு கட்டி முடித்த அன்று பத்து மணிக்கு, இவர் கொச்சி வாத்தியாரிடம் நன்றி சொல்லப் போனார். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, உங்கள் குரலை வைத்துத்தான் மூன்று இடத்தை ஒத்துப் பார்த்தோம், சொன்னால் நீங்கள் சத்தமாகப் பேசிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை என்றெல்லாம் சொன்னாராம். அப்புறம் அவர் ஏதோ சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

நான் சாக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டேன்.

"அந்தாளும் கம்பி மாத்திக்கினு இருந்திருக்கான்மே" என்றார்.

விஷயம் இதுதான். கொச்சி வாத்தியாரும் தன் வீட்டில் மூன்று கம்பி கட்டி வைத்திருக்கிறார். கிணற்றடியில் தாழ்வாக ஒன்று, கூரை மேல் ஒன்று, இரண்டு தென்னை உச்சியில் ஒன்று. நாங்கள் டவுனில் அளந்த அன்று அவர் கிணற்றடிக் கம்பியில் பேசினார். ரிஷிவந்தியத்துக்குக் கூரைக் கம்பி. மலைக்குத் தென்னை. எங்கள் வீட்டுக்காரர் என் அளவை நம்பராக மாற்றிச் சொல்லச் சொல்ல, அவர் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். சொன்னால் இவர் மனசு சாயும் என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவ்வளவு நேர்மை. நான் சொன்ன ஆழாக்கை நம்பி அவர் கிணற்றடிக் கம்பியை ஏற்கெனவே அறுத்துக் கோழிக்கூட்டுக்கு வேலி போட்டுவிட்டாராம்.

எனக்கு வீடு தப்பியது என்ற நினைப்பு முதலில் வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பது வருடத்தில் என் படிக்குக் கீழே யாரும் சரக்கை மாற்றியதில்லை. ஒருவன் என் அளவை நம்பி, நல்ல கம்பியைக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டான். மறுபடி அளக்க வேண்டும் என்று சொன்னதே நான்தான். இவர் தேவையில்லை என்றார், மலையே ஜெயிக்கட்டும் என்றார். "அளவு தப்புன்னா தப்புதான். சாக்க அவுக்கிறேன்" என்றேன்.

கொச்சி வாத்தியார் இனி அளந்து முடியும்வரை தென்னைக் கம்பியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சொன்னார். அவர் பேச்சை நம்ப முடியாது, அவருடைய சம்சாரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மா நின்றது. தினமும் பத்து மணிக்கு அந்த அம்மா இருமுவதும் சேர்ந்து கேட்டது.

மறுபடி மலைக்குப் போனோம். சாவடியில் அதே காவலர், படியைப் பார்த்ததும் பையைத் தொடாமல் அனுப்பிவிட்டார். மலையில் மறுபடியும் கும்பம். ரிஷிவந்தியத்தில் இந்த முறை தலை தட்டின முழுப்படி. கொழுந்தனார் எனக்கு ஒரு தார் வாழைக்காய் வெட்டிக் கொடுத்தார். கடைசியாக டவுன்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்வரை ஊர் பூராவும் கரண்ட் கிடையாது. இன்றைக்கு வேண்டாம் என்றார் இவர். ரேடியோ பேட்டரியில்தானே ஓடுகிறது, கொச்சியில் அந்த அம்மா நின்றுகொண்டிருக்குமே என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

காதில் மாட்டியதும் கெட்டுப்போய்விட்டதா என்று நினைத்தேன். இரைச்சலே இல்லை. ஊதுவதற்கு உமி இல்லை. பிறகு கொச்சி வாத்தியார் வந்தார். முழுசாக வந்தார். அந்த அம்மாவின் இருமலில் சளி இருப்பதுவரை தெரிந்தது.

"கும்பம்" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் கழற்றி அவர் காதில் மாட்டினேன். கேட்டார். எழுந்து மாடிச் சுவர் ஓரம் போய்த் தெருக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கம்பத்தில் எத்தனையோ தடவை ஏறியவர்.

"அத்தன வருசம் கம்பத்துல ஏறி ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தேன்" என்றார். "அதான்மே கத்திக்கினு இருந்திருக்குது."

பிறகு சும்மா விடவில்லை. கரண்ட் இல்லாத நாள் கணக்கில் சேராது என்று வாதம் செய்தார். இடத்தைத்தானே ஒத்துப் பார்த்தோம், கரண்ட்டை யார் கேட்டது என்றேன் நான். கொழுந்தனாருக்குப் போன் போட்டார். அப்படியென்றால் தன் மோட்டாரையும் நிறுத்திவிட்டுத் தன் நிலத்தை இன்னொரு தரம் அளக்க வேண்டும் என்று கொழுந்தனார் ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கரண்ட் வந்த பிறகு, பத்து மணிக்குச் சொல்லாமல் போய் எங்கள் வீட்டு மெயினை அணைத்தார். இரைச்சல் பாதி போனது. மிச்சம் பாதி எங்கே என்று ரேடியோவைக் கையில் தூக்கிக்கொண்டு மாடியில் நடந்தார். பக்கத்துக் கடை பாய் புதிதாக மாட்டிய, கலர் கலராக ஓடுகிற விளக்குப் பலகையின் பக்கம் போகப்போக அது கூடியது.

பாயிடம் பேசியது நான். இவரை அனுப்பினால் எழுத்தும் நம்பரும் சொல்லிக்கொண்டு நிற்பார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், காலை பத்திலிருந்து பத்தரை வரைக்கும் பலகையை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன்.

"பட்டப்பகல்ல லைட்ட எவன் பாக்கறான், நிறுத்திக்கிறேம்மா. ஆனா அவரு டெய்லி இன்னா சொல்றாருன்னு எனக்குச் சொல்லிடணும்."

அதற்காக எங்கள் வீட்டுக்காரரை உட்காரவைத்து முதன்முதலாகக் கேட்டேன், அந்த மனுஷர் தினமும் அப்படி என்னதான் சொல்கிறார் என்று. கொச்சியில் மழை என்பார். முட்டி வலிக்கிறது என்பார். இன்றைக்கு உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது என்பார். அவ்வளவுதான். இத்தனை கம்பிக்கும் உள்ளே அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாயிடம் போய் முட்டி வலி என்றேன். எந்த முட்டி என்றார். கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வலது.

ஒரு வாரம் கழித்து மலைக்காரர் போன் செய்தார், எப்போது குடி வருகிறீர்கள், ஓடு மாற்றிவிட்டேன் என்று. எங்கள் வீட்டுக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"வரலப்பா" என்றார். "இங்கயே கேக்குது."

இப்போது தினமும் பத்து மணிக்கு எங்கள் வீட்டில் கரண்ட் இருக்காது. விசிறி ஓடாது, மிக்சி ஓடாது, அரைப்பதை எல்லாம் முன்னாலேயே அரைத்து வைத்துவிட வேண்டும். சித்திரையில் அந்த அரை மணி நேரம் முதுகு தொப்பலாக நனைந்துபோகிறது. பக்கத்தில் உட்கார்ந்து இவர் கேக்குதா கேக்குதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் பனைவிசிறியை வைத்துக்கொண்டு அடுப்படி சன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். வேர்க்கத்தான் வேர்க்கிறது. என் வீட்டில் உட்கார்ந்து வேர்க்கிறது.